பாசறைக்குள் மரதன்: பணியிலிருக்கும் சிப்பாயின் நன்கொடைச் சவாலும் வீட்டாரின் மனமும்

பாலைவன முகாமின் வேலியோரம் விடியுமுன் தலைவிளக்கோடு ஓடும் படையினர். முதுகில் 15 கிலோ பையைச் சுமந்து 40 கிலோமீற்றர் நடக்கும் மருத்துவப் பிரிவு. கொள்கலன் அறைக்குள் துடுப்பு இயந்திரத்தை ஆள்மாறி ஆள்மாறி 24 மணி நேரம் இழுக்கும் குழு. காணொளியின் அடியில் ஒரு நன்கொடை இணைப்பு. பணியிலிருக்கும் படையினர் தொண்டுக்கு நிதி திரட்டச் செய்யும் இப்படியான சவால்கள் கொழும்பு வட்ஸ்அப் குழுக்களிலும் வந்து சேர்கின்றன. பார்ப்பவர்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். உயிராபத்துள்ள இடத்தில் கடமையில் இருப்பவருக்கு இதற்கு நேரம் எங்கிருந்து வருகிறது? வீட்டில் காத்திருப்பவர்கள் இதைப் பார்த்துப் பெருமைப்படுகிறார்களா, கலங்குகிறார்களா?

இரண்டாவது கேள்விக்குப் பதில் பெரும்பாலும் சவாலைத் திட்டமிட்ட விதத்தில் இருக்கிறது. அதே 40 கிலோமீற்றர் ஒரு வீட்டில் தெம்பாகவும் இன்னொரு வீட்டில் நித்திரையில்லா இரவுகளாகவும் முடிவதற்கான காரணங்களை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

போர்க்காலத்தைக் கடந்து வந்த தமிழ் வாசகர் எந்த இராணுவச் செய்தியையும் மனக்கனமின்றி வாசிப்பது கடினம். அந்தக் கணக்கை மறக்கும்படி இக்கட்டுரை கேட்கவில்லை. ஆனால் இலண்டனிலும் டொரொண்டோவிலும் வளர்ந்த நம்மவர் பிள்ளைகள் சிலர் அந்நாட்டுப் படைகளில் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்தும் லெபனான், தென் சூடான், மாலி என்று ஐ.நா. அமைதிகாக்கும் பணிக்குப் படையினர் போயிருக்கிறார்கள். எந்த மொழி பேசும் வீடானாலும் காத்திருக்கும் தாயின் நிலைமை ஒன்றுதான்.

## வெளிநாட்டுப் பணி என்றால் என்ன

ஒரு படைப்பிரிவு தன் நிரந்தர முகாமை விட்டு, குறித்த காலத்துக்கு, குறித்த பணிக்காக வேறிடம் போவதையே இங்கே பணி என்கிறோம். பிரித்தானியப் படையினருக்கு வழமையாக 6 மாதம். அமெரிக்க இராணுவத்தில் 9 முதல் 12 மாதம். இலங்கையிலிருந்து ஐ.நா. பணிக்குப் போகும் அணிகள் பொதுவாக ஓராண்டு இருந்துவிட்டுத் திரும்பும்.

அந்தக் காலம் முழுவதும் சண்டை நடப்பதில்லை. காவல், வாகனத் தொடரணி, பராமரிப்பு, காத்திருப்பு, மறுபடி காவல் என்று நாட்கள் நகரும். எட்டு அல்லது பன்னிரண்டு மணி நேர முறை முடிந்ததும் முகாம் வேலிக்கு வெளியே போக அனுமதியில்லை. குடும்பம் பக்கத்தில் இல்லை. இருப்பது ஒரு ஜிம், ஒரு சாப்பாட்டுக் கூடம், அடிக்கடி அறுந்துபோகும் இணையம். நேரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை அந்த வெற்று மணிகளில் இருக்கிறது. அவற்றை நிரப்ப ஒன்றும் இல்லாவிட்டால் மனம் வீட்டையும் ஆபத்தையும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதற்காக ஆபத்து இல்லாமல் போய்விடாது. 2019 ஜனவரியில் மாலியில் குண்டுத் தாக்குதல் ஒன்றில் இலங்கை அமைதிப்படையினர் இருவர் கொல்லப்பட்டார்கள். வீட்டார் நினைவில் நிற்பது இந்த வகைச் செய்திதான்.

## சவால்களின் வகைகள்

1. நிழல் ஓட்டம். ஊரில் நடக்கும் பெரிய ஓட்டத்தை அதே காலத்தில் முகாமுக்குள் ஓடுவது. வோஷிங்டனில் 1985 முதல் நடக்கும் அமெரிக்க இராணுவத்தின் பத்து மைல் ஓட்டம் (16.1 கிலோமீற்றர்) ஈராக், ஆப்கானிஸ்தான், குவைத் முகாம்களிலும் இப்படி ஓடப்பட்டிருக்கிறது.

2. சுமை நடை. டென்மார்க் படையினர் 1972இல் சைப்ரஸில் ஐ.நா. பணியின்போது தொடங்கிய 25 கிலோமீற்றர் நடையில் பையின் எடை 10 கிலோ. பின்னர் அவர்கள் போன பல நாடுகளுக்கும் அந்த நடை கூடவே போனது.

3. நினைவுப் பயிற்சி. 2005 ஜூன் 28இல் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்ட அமெரிக்கக் கடற்படை அதிகாரி மைக்கல் மேர்பியின் பெயரில் செய்யப்படுவது மிகப் பிரபலம். 1.6 கிலோமீற்றர் ஓட்டம், 100 புல்-அப், 200 தண்டால், 300 உட்கார்ந்தெழல், மறுபடி 1.6 கிலோமீற்றர் ஓட்டம். முழுமையாகச் செய்பவர்கள் 9 கிலோ மேலங்கி அணிவார்கள்.

4. கூட்டுத் தூரம். முகாமிலிருந்து சொந்த ஊர் வரையான தூரத்தைக் குழுவாகச் சேர்ந்து ஓடி முடிப்பது. தனி ஒருவர் மீது சுமை விழாத வகை இது. நான்கிலும் இதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. காரணம் கீழே வரும்.

## தூரத்தைப் பங்கிடும் கணக்கு

நமக்குத் தெரிந்த ஒரு தூரத்தை எடுத்துக்கொள்வோம். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை சுமார் 670 கிலோமீற்றர். 2016இல் கராப்பிட்டி புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டிய 'ட்ரெயில்' நடை இதை 28 நாளில் முடித்தது. அதற்கு முன் 2011இல் தெல்லிப்பழை வைத்தியசாலைக்காகத் தெற்கிலிருந்து வடக்கே நடந்தார்கள்.

தனி ஒருவர் 28 நாளில் முடிக்க நாளுக்கு ஏறக்குறைய 24 கிலோமீற்றர் வேண்டும். காவல் முறையில் இருப்பவருக்கு அது நடவாத காரியம், உடம்பும் தாங்காது. பத்துப் பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 2.4 கிலோமீற்றர். அதில் மூன்று பேர் அவசரப் பணிக்குப் போய்விட்டாலும் மிச்சம் ஏழு பேருக்கு 3.4 கிலோமீற்றர்தான். கூட்டுத் தூரத்தின் பலம் இந்தக் கணக்கில் இருக்கிறது: பணி குறுக்கிட்டாலும் சவால் முறியாது, ஒருவரது காயத்தால் எல்லாம் நின்றும் போகாது.

தனியொருவர் 42.195 கிலோமீற்றரை முகாமுக்குள் ஓடும்போது வேறொரு சிக்கல் உண்டு. சுற்றுப்பாதை 1.2 கிலோமீற்றர் என்றால் 35 சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். சரளைப் பாதை ஒரு பக்கம் சரிந்திருந்தால் அத்தனை சுற்றிலும் ஒரே கால்தான் கூடுதல் அடியை வாங்கும். ஐந்து சுற்றுக்கு ஒருமுறை திசையை மாற்றி ஓடுவது எளிய பரிகாரம். பரபரப்பில் முதலில் மறந்துபோவதும் இதுதான்.

## உடம்பு எங்கே உடைகிறது

வெப்பம். வெப்பமானி காட்டும் இலக்கம் மட்டும் போதாது. படைகள் பயன்படுத்துவது ஈரக்குமிழ் பூகோள வெப்பநிலை என்ற கூட்டு அளவு. குமிழில் ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானியின் அளவில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானியின் அளவில் 20 சதவீதம், நிழலில் எடுத்த சாதாரண வெப்பநிலையில் 10 சதவீதம் ஆகியவற்றைக் கூட்டினால் அது கிடைக்கும். ஈரத்துக்கு இவ்வளவு எடை கொடுப்பதற்குக் காரணம் உண்டு. வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமே தவிரக் காயாது. 31 பாகைதான் என்று நினைத்து நண்பகலில் காலிமுகத்திடலில் ஓடுபவரும், 42 பாகை வரண்ட பாலைவனத்தில் ஓடுபவரும் இந்த அளவுப்படி கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருக்கலாம்.

அமெரிக்கப் படைகளில் இந்த அளவு 32.2 பாகையைத் தொட்டால் கறுப்புக் கொடி. அத்தியாவசியமற்ற கடும் பயிற்சி அத்துடன் நிற்க வேண்டும். ஈரப்பதமான இடத்தில் கவச உடை அணிந்திருந்தால் வாசித்த அளவோடு இன்னும் 2.8 பாகை கூட்டிக்கொள்ள வேண்டும். கவச உடையோடு ஓடும் காணொளிக்குத்தான் விருப்பக்குறிகள் அதிகம் விழுகின்றன என்பது இந்த இடத்தில் கவலைக்குரியது.

புதிய வெப்பத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். அதற்குள் எந்தச் சவாலும் வேண்டாம்.

வெப்பத்தாக்கத்தின் முதல் அறிகுறி பல வேளைகளில் மயக்கமாக இராது. பேச்சுக் குழறல், தடுமாற்றம், காரணமில்லாத கோபம் என்று தொடங்கும். உள்ளுடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கும். வைத்தியரிடம் கொண்டுபோகும் அவசரத்தில் குளிர்விப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. அங்கேயே பனிக்கட்டி போட்ட நீரில் கழுத்தளவு அமிழ்த்தி, அரைமணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்கிய பிறகுதான் வாகனம். ஆகவே ஓட்டம் தொடங்குமுன் தொட்டியும் பனிக்கட்டியும் இடத்தில் இருக்க வேண்டும். பிரித்தானியாவின் வேல்ஸ் மலைப்பகுதியில் 2013 ஜூலையில் நடந்த படைத் தெரிவு நடையில் மூவர் வெப்பத்தால் உயிரிழந்தார்கள். குளிர்நாடு, பயிற்சி பெற்ற உடம்புகள், மருத்துவ வசதிக்கு எட்டும் தூரம் என்று எல்லாம் இருந்தும் அது நடந்தது.

தண்ணீர். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. மணிக்கு 1.4 லீற்றருக்கு மேல் குடிக்கக் கூடாது என்பது அமெரிக்கப் படை விதி. வெறும் தண்ணீரை அளவுமீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். பார்ப்பவர்கள் அதை வெப்பக் களைப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும். நீண்ட ஓட்டத்தில் உப்பும் சீனியும் கலந்த நீர் வேண்டும். நம் ஊரில் ஜீவனிப் பக்கற் கரைப்பதுபோல, பொதியில் சொன்ன அளவு நீரில் முழுப் பொதியையும் கரைக்க வேண்டும். பாதி பாதியாகக் கரைத்தால் அளவு பிழைக்கும்.

தசைச் சிதைவு. பழக்கமில்லாதவர் ஒரேநாளில் நூற்றுக்கணக்கான தண்டாலும் உட்கார்ந்தெழலும் செய்தால் தசை நார்கள் உடைந்து அவற்றின் புரதம் இரத்தத்தில் கலக்கும். ஓரிரு நாளில் கை மடங்காத வீக்கம், கடும் பிளேன்ரீ நிறத்தில் சிறுநீர். அந்த நிறத்தைக் கண்டால் உடனே மருத்துவப் பிரிவு. தாமதித்தால் சிறுநீரகம் பழுதாகும். நினைவுப் பயிற்சியை முதல் வாரம் கால் பங்கு, அடுத்த வாரம் அரைப் பங்கு என்று ஏற்றிக்கொண்டு போனால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

எலும்பு வெடிப்பு. பாத எலும்பில் ஒரே புள்ளியில் விரலால் அழுத்தினால் வலி, ஓட ஓட அந்த வலி கூடுகிறது என்றால் அத்துடன் நிறுத்த வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் வெடிப்பு முறிவாகும். ஆறு முதல் எட்டு வாரம் அவர் காவலுக்கும் உதவ மாட்டார். அவரது முறையைத் தோழர்கள் சுமக்க வேண்டும்.

## வீட்டில் என்ன நடக்கிறது

இராணுவக் குடும்பங்களின் மனநிலையை அமெரிக்க இராணுவ மனநல வைத்தியர்கள் 2001இல் ஐந்து கட்டங்களாக வகுத்தார்கள்: புறப்படுமுன், போன முதல் மாதம், நடு மாதங்கள், திரும்புவதற்கு முந்திய மாதம், வந்த பிறகு. சவால்கள் பெரும்பாலும் தொடங்குவது நடு மாதங்களில். அந்த நேரத்தில்தான் வீடு ஒருவாறு தனக்கென ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்திருக்கும். பிள்ளைகளின் பாடசாலை, கட்டணச் சீட்டுகள், மாமியாரின் மருந்து எல்லாம் ஒருத்தியின் கையில் வந்து நிலைப்பட்டிருக்கும். அந்த நேரம் பேஸ்புக்கில் பணிக்குப் போனவரின் சவால் பதிவு வருகிறது.

முதலில் வருவது நிம்மதி. ஆள் நலமாயிருக்கிறார், சிரிக்கிறார், கூட்டாளிகள் பக்கத்தில் இருக்கிறார்கள். "சாப்பிட்டியோ, நித்திரை கொண்டியோ?" என்று அம்மா கேட்டால் "ஓம்" என்ற ஒற்றைச் சொல்லோடு முடிக்கும் பிள்ளை, இப்போது நாளுக்கொரு படம் போடுகிறான். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கன்னம் ஒட்டியிருக்கிறதா, கையில் காயக்கட்டு இருக்கிறதா என்று தேடாத தாய் இல்லை.

அடுத்தது கோபம். "எங்களோடு கதைக்கப் பத்து நிமிடம் இல்லை, ஓட இரண்டு மணி நேரம் இருக்குதா?" நியாயமான கேள்வி. ஆனால் இரண்டும் ஒரேவகை நேரம் அல்ல. முகாமில் அழைப்பென்றால் இணைப்புக்குக் காத்திருக்க வேண்டும், பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கும்போது கதைக்க வேண்டும், வீட்டுக் கவலையைக் கேட்டுவிட்டு எதுவும் செய்ய முடியாமல் காவலுக்குப் போக வேண்டும். ஓடுவதற்கு எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. இதைத் தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்லாவிட்டால், மனைவி தான் இரண்டாமிடத்துக்குத் தள்ளப்பட்டதாகவே எடுத்துக்கொள்வார். அவரைக் குறைசொல்ல முடியாது. ஓட்டத்துக்கு மணி குறிப்பவர் அழைப்புக்கும் மணி குறிக்கலாம். லெபனானில் இருப்பவருக்கும் கொழும்புக்கும் குளிர்காலத்தில் மூன்றரை மணி, கோடையில் இரண்டரை மணி வித்தியாசம், மாலிக்கு ஐந்தரை (அங்கே ஐ.நா. பணி 2023 இறுதியில் முடிந்துவிட்டது). மாலியின் காவோ நகரில் காலை ஐந்தரைக்கு ஓடி முடித்தால் கொழும்பில் பதினொரு மணி. பிள்ளை பாடசாலையில் இருக்கும். பிள்ளையோடு கதைக்க வேண்டுமானால் ஓட்டத்தைத்தான் நகர்த்த வேண்டும்.

மூன்றாவது, அதிகம் பேசப்படாதது: மௌனத்தின் பயம். பிரித்தானியப் படையில் எவராவது கொல்லப்பட்டாலோ கடுமையாகக் காயப்பட்டாலோ, நெருங்கிய உறவினருக்குச் சொல்லி முடியும்வரை முகாமின் தனிப்பட்ட தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்படும். 'ஒப் மினிமைஸ்' என்று பெயர். அமெரிக்கர்கள் 'ரிவர் சிட்டி' என்பார்கள். செய்தி வதந்தியாக வீடு போய்ச் சேரக் கூடாது என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு "இன்று 5 கிலோமீற்றர்" என்று பதிவு போட்டுப் பழக்கிய ஒருவரின் பக்கம் ஒருநாள் அசையாமல் கிடந்தால், வீட்டில் என்ன நடக்கும்? முன்பு வாரம் ஒருமுறை பயந்தவர்கள் இப்போது தினமும் ஒன்பது மணிக்குப் பயப்படுவார்கள். சவால் தந்த நிம்மதியே பயத்துக்கு மணிக்கூடு வைத்துக் கொடுத்துவிடுகிறது. மின்பிறப்பாக்கி பழுதானாலும் இணையம் அறுந்தாலும் இதே தவிப்பு.

இதற்கு வழி இருக்கிறது. சவால் தொடங்குமுன் வீட்டோடு பேசி முடிக்க வேண்டியவை:

1. தினப் பதிவு வேண்டாம். வாரக் கூட்டுத்தூரம் ஒன்றை, நாள் குறிக்காமல், குழுவில் யாராவது ஒருவர் போடட்டும்.

2. கெட்ட செய்தி எந்தப் பக்கத்திலும் வராது. பிரித்தானிய முறைப்படி அதற்கென நியமிக்கப்பட்டவர் நேரில் வீட்டுக்கு வருவார். பதிவு வராதது செய்தி அல்ல என்பதை அம்மாவுக்கும் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும்.

3. படையின் பதிவேட்டில் நெருங்கிய உறவினர் யார் என்று பார்க்க வேண்டும். இலண்டனில் மனைவி பெயர் இருந்தால், வெள்ளவத்தையில் இருக்கும் தாய்க்கு மனைவி வழியாகவே தகவல் வரலாம். யார் யாரை அழைப்பது, எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்பதை இருவரும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். மாமி மருமகள் மனத்தாங்கல் உள்ள வீடுகளில் இது இன்னும் முக்கியம்.

4. சவாலை முதலில் கேட்பவர் வீட்டார். பக்கம் திறந்த பிறகு ஊராரிடமிருந்து அறிந்தால் அந்த வருத்தம் எளிதில் ஆறாது.

இறந்தவரின் பெயரில் செய்வதென்றால் இன்னொரு படி உண்டு. அவரது மனைவியிடமும் பெற்றோரிடமும் தனித்தனியே அனுமதி கேட்க வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் கேட்க வேண்டும். முதலாண்டில் மகனின் படம் போட்ட மேற்சட்டையைப் பார்த்து நெகிழ்ந்த தாய்க்கு மூன்றாம் ஆண்டில் அது தாங்க முடியாமல் போகலாம். வேண்டாமென்று சொல்ல அவருக்கு வழி திறந்திருக்க வேண்டும்.

## கைக்கடிகாரம் காட்டிக்கொடுத்த இடங்கள்

'ஸ்ட்ராவா' செயலி 2017 நவம்பரில் தன் பயனர்கள் ஓடிய பாதைகளை ஒரே உலக வரைபடத்தில் ஒளிக்கோடுகளாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் அவுஸ்திரேலிய மாணவர் ஒருவர் ஒன்றைக் கவனித்தார்: வேறெவரும் அந்தச் செயலியைப் பாவிக்காத பாலைவனங்களில் தனித்தனிச் சுற்றுக்கோடுகள் ஒளிர்ந்தன. இராணுவ முகாம்களுக்குள் படையினர் ஓடிய பாதைகள் அவை. அந்த ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் பணிக்களங்களில் இருப்பிடம் காட்டும் வசதிகளைத் தடைசெய்தது.

நன்கொடைச் சவாலுக்கு இதில் நேரடிப் பாடம் உண்டு. ஓடியதற்கு ஆதாரமாக வரைபடத்தைப் போடக் கூடாது. ட்ரெட்மில் திரையின் படமோ மேலதிகாரி ஒப்பமிட்ட சுற்றுக் கணக்கோ போதும். ஜி.பி.எஸ். நிறுத்திய கடிகாரத்திலும் நேரமும் இதயத்துடிப்பும் பதிவாகும். ஊரிலிருப்பவர்கள் பெருமையோடு "தம்பி இப்ப இந்த இடத்தில" என்று கருத்தெழுதுவதும் அதே ஆபத்துத்தான்.

## பணம் யாரிடம் போகிறது

கொழும்பிலிருந்து அனுப்புபவர்கள் பார்க்க வேண்டியவை சில. பிரித்தானியத் தளங்களில் தொண்டு நிறுவனத்துக்கு நேரே போகும் பக்கமும், தனிநபர் கணக்குக்குப் போகும் பக்கமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். நிறுவனத்தின் பதிவு இலக்கம் பக்கத்தில் இருக்கிறதா, அது அரச பதிவேட்டில் உள்ளதா என்று தேடிப் பார்க்கலாம். 'கிஃப்ட் எய்ட்' என்ற பெட்டியில் அடையாளமிட்டால் அரசு ஒரு பவுணுக்கு 25 பென்ஸ் கூடுதலாகக் கொடுக்கும். அது பிரித்தானியாவில் வரி செலுத்துபவருக்கு மட்டுமே. இங்கிருந்து அனுப்புபவர் அதைத் தொடக் கூடாது.

2020இல் தன் தோட்டத்தில் நூறு சுற்று நடந்து 3 கோடி பவுணுக்கு மேல் திரட்டிய முன்னாள் சிப்பாய் கப்டன் டொம் மூரை உலகமே அறியும். அந்தப் பணம் பிரித்தானிய சுகாதார சேவைக்கான தொண்டுகளுக்குப் போனது. பின்னர் அவர் பெயரில் குடும்பத்தார் நடத்திய தனி அறக்கட்டளையில் முறைகேடுகள் இருந்ததாக அந்நாட்டின் அறக்கட்டளை ஆணையம் 2024 நவம்பரில் அறிக்கையிட்டது. நல்ல மனிதரின் நடை வேறு, அதன் பின்னால் எழும் நிறுவனம் வேறு. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முகாமுக்குள்ளும் ஒரு பணச் சிக்கல் உண்டு. கட்டளை அதிகாரி தானே நிதிப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால் கீழே உள்ளவர் மனமுவந்து கொடுக்கிறாரா, பயந்து கொடுக்கிறாரா என்று எவராலும் சொல்ல முடியாது. அமெரிக்க விதிகள் கீழ்நிலையில் உள்ளவரிடம் நிதி கேட்பதையும், பதவிப் பெயரைப் பயன்படுத்திக் கேட்பதையும் தடைசெய்வது அதனால்தான்.

## முடிக்கும் நாள்

பலர் சவாலின் கடைசி நாளை வீடு திரும்பும் நாளோடு சேர்த்துவிடுகிறார்கள். இரண்டு காரணத்துக்காக அது கூடாது. திரும்பும் விமானத்தின் திகதி இரகசியம். "இன்னும் பத்து நாள், கடைசி 50 கிலோமீற்றர்" என்ற பதிவு அதை ஊருக்கே அறிவித்துவிடும். தவிர விமானங்கள் தள்ளிப்போகும், மாற்று அணி தாமதித்து வரும். கடைசி வாரங்கள் பொறுப்பை ஒப்படைக்கும் வேலையில் கழியும். களைத்த காலோடு செய்யும் வேலை அல்ல அது. மூன்று வாரம் முன்னதாகவே சவாலை முடித்து, திரட்டிய தொகையையும் அது போய்ச் சேர்ந்ததற்கான பற்றுச்சீட்டையும் பக்கத்தில் போட்டு, பக்கத்தை மூடிவிட வேண்டும். கட்டுநாயக்கவுக்கு யார் எத்தனை மணிக்குப் போவது என்பது அதன் பிறகு வீட்டுக்குள் மட்டும், தொலைபேசியில் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்.